'எனக்கு ஒன்றுதான்' என்பதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது

மாட்ரிட்டில் ஒருவர் வீட்டுக்கு முதல்முறை போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காபியா, டீயா என்று கேட்கிறார். உங்களுக்கு இரண்டுமே சரி. தமிழ் வீடாக இருந்தால் 'எதுவானாலும் சரிங்க' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. தலைக்குள் இங்கிலீஷ் ஓடுகிறது, 'ஐ டோன்ட் மைண்ட்' என்று. அதில் உள்ள 'நான்' என்பதைப் பிடித்துக்கொண்டு 'யோ நோ இம்போர்த்தோ' என்று சொல்லி வைக்கிறீர்கள். கேட்டவர் ஒரு நொடி திகைத்துப்போகிறார். நீங்கள் சொன்னதற்குப் பொருள் 'நான் ஒரு பொருட்டே இல்லை' என்பது. ஒரு காபிக்கு இவ்வளவு சோகம் வேண்டாம்.

ஸ்பானிஷ் படிக்கும் தமிழர்கள் பெரும்பாலும் இங்கிலீஷ் வழியாகத்தான் அதற்குள் நுழைகிறோம். பாடப்புத்தகம் இங்கிலீஷ், செயலி இங்கிலீஷ், வகுப்பில் விளக்கமும் இங்கிலீஷ். பல இடங்களில் அது பாதகமில்லை. ஆனால் விருப்பத்தையும் விருப்பமின்மையையும் சொல்லும் இடத்தில் இங்கிலீஷ் நம்மைச் சுற்றுவழியில் இழுத்துக்கொண்டு போகிறது. தமிழிலிருந்து நேராக நடந்தால் நாலு எட்டுதான்.

தமிழில் 'நான் பிடிக்கிறேன்' என்றால் கையில் எதையோ பிடித்திருக்கிறேன் என்று அர்த்தம். மனசுக்குப் பிடித்ததைச் சொல்ல 'எனக்குப் பிடிக்கும்' என்போம். பசி, தாகம், தூக்கம், கோபம், தெரிதல், புரிதல் எல்லாம் 'எனக்கு' வருகிறவைதான். நான் செய்கிறவை அல்ல. ஸ்பானிஷ் எல்லாவற்றிலும் இப்படி இல்லை. பசியை அவர்கள் 'வைத்திருக்கிறார்கள்'. ஆனால் பிடிப்பது, பிடிக்காதது, எதுவும் தோன்றாதது ஆகிய மூன்றிலும் நம்மைப் போலத்தான். 'மே குஸ்தா' என்றால் எனக்குப் பிடிக்கும். அந்த 'மே' என்பது நம் நான்காம் வேற்றுமை, 'கு'.

அதே 'மே'யை வைத்துத்தான் விருப்பமின்மையின் தலைவாசல் வாக்கியமும் வருகிறது: 'மே தா இகுவால்'. 'தா' என்றால் தருகிறது, 'இகுவால்' என்றால் சமம். எனக்குச் சமமாகத் தருகிறது, அதாவது எனக்கு ஒன்றுதான். ஸ்பானிஷிலும் 'தா' கொடுப்பதைக் குறிப்பது தற்செயல், ஆனால் மறக்கவே மறக்காது. உச்சரிப்பிலும் ஒரு வசதி உண்டு. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் அந்த 'த'வை ஸ்பானிஷ்காரர்கள் 'அது', 'எது' என்பதில் நாம் ஒலிப்பதுபோல மென்மையாகத்தான் ஒலிக்கிறார்கள். 'மேதா' என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், சரியாக வந்துவிடும்.

இதோடு பிறந்த இரட்டை 'மே தா லோ மிஸ்மோ'. 'லோ மிஸ்மோ' என்றால் அதே. இரண்டுக்கும் பொருளில் வேறுபாடு பார்க்க வேண்டியதில்லை. ஆள் மாறினால் முதல் சொல் மட்டும் மாறும்: உனக்கு 'தே', அவருக்கு 'லே', எங்களுக்கு 'நோஸ்'. அழுத்திச் சொல்ல வேண்டுமானால் முன்னால் 'ஆ மி' சேர்ப்பார்கள், நாம் 'எனக்கெல்லாம்' என்று இழுப்பதுபோல. ஓர் இடம் மட்டும் வழுக்கும். எது ஒன்றுதானோ அது பன்மையானால் வினையும் பன்மையாகும், 'மே தான் இகுவால்' என்று. ஆனால் 'இகுவால்' அசையாது. 'இகுவாலெஸ்' என்று அதையும் பன்மையாக்கினால் தவறு. இவை இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று பொருள்களை ஒப்பிடும்போதுதான் 'இகுவாலெஸ்' வரும்.

இந்தச் 'சமம்' என்ற எண்ணம் ஸ்பானிய வரலாற்றில் ஒரு மன்னனின் கொடியில் ஏறியிருக்கிறது. அரகோனின் மன்னர் இரண்டாம் ஃபெர்னாந்தோ 1469இல் கஸ்தீலியாவின் இசபெல்லை மணந்தவர். அவருடைய விருதுவாக்கு 'தாந்தோ மோந்தா'. நேர்ப்பொருள் 'அவ்வளவேதான் ஆகும்', பேச்சில் சொன்னால் 'எல்லாம் ஒன்றுதான்'. ஒரு பேரரசன் இப்படியா விருதுவாக்கு வைத்துக்கொள்வான் என்று தோன்றும். கதை அலெக்சாந்தரிடம் போகிறது. கோர்தியன் என்ற ஊரில் ஒரு வண்டியின் நுகத்தடியில் யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு ஒன்று இருந்தது. எப்படி அவிழ்த்தால் என்ன என்று சொல்லி அலெக்சாந்தர் வாளால் வெட்டிவிட்டான். வெட்டினாலும் அவிழ்த்தாலும் ஒன்றுதான், 'தாந்தோ மோந்தா'. அதனால்தான் ஃபெர்னாந்தோவின் சின்னத்தில் நுகத்தடியும் அறுந்த கயிறும் இருக்கின்றன. இந்தச் சின்னத்தை யோசித்துக் கொடுத்தவர் 1492இல் ஸ்பானிஷுக்கு முதல் இலக்கண நூல் எழுதிய அந்தோனியோ தே நெப்ரிஹா என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. சரகோசாவில் உள்ள அல்ஹஃபேரியா அரண்மனையின் அரியணைக் கூடத்து விதானத்தை அண்ணாந்து பார்த்தால் இன்றும் அந்த வாசகம் தெரியும்.

பின்னாளில் மக்கள் முடிச்சை மறந்துவிட்டார்கள். 'தாந்தோ மோந்தா, மோந்தா தாந்தோ, இசபெல் கோமோ ஃபெர்னாந்தோ' என்று எதுகை சேர்த்து, அரசியும் அரசனும் சமம் என்பதே இதன் பொருள் என்று ஆக்கிக்கொண்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் இன்றும் அப்படித்தான் படிக்கிறார்கள். எனக்கென்னவோ மக்கள் கட்டிய பொருள்தான் அழகாக இருக்கிறது.

சரி, காபிக்குத் திரும்புவோம். இரண்டாவது வழி 'நோ மே இம்போர்த்தா'. எனக்குப் பொருட்டில்லை, எனக்குப் பரவாயில்லை. இங்கும் ஆள் 'எனக்கு'வில்தான் உட்கார்ந்திருக்கிறார், எழுவாய் விஷயம்தான். இதை மறந்து 'நான்'ஐ எழுவாயாக்கியதால்தான் முதல் பத்தியில் அந்த விபத்து. இன்னொரு விபத்து இதைவிட மோசம். கடைசியில் ஓர் 'ஸ்' ஒட்டிக்கொண்டு 'நோ மே இம்போர்த்தாஸ்' என்று ஆகிவிட்டால், 'நீ எனக்கு ஒரு பொருட்டே இல்லை' என்று முகத்துக்கு நேராகச் சொன்னதாகிவிடும். காதலை முறிக்கும் வாக்கியம் அது.

இதைக் கேள்வியாக்கும்போது தமிழருக்கென்றே ஒரு பொறி காத்திருக்கிறது. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் 'லே இம்போர்த்தா கே ஆப்ரா லா வெந்தானா?' என்று கேட்கிறார். சன்னலைத் திறந்தால் உங்களுக்கு ஏதும் சங்கடமா என்பது கேள்வி. நம் ஊரில் 'சன்னலைத் திறக்கட்டுமா?' என்றுதான் கேட்பார்கள். 'ம், திறங்க' என்று தலையாட்டுவோம். அதே பழக்கத்தில் 'ஸி', அதாவது ஆமாம், என்று சொன்னால் 'ஆமாம், சங்கடம்தான், திறக்காதே' என்று ஆகிவிடும். சம்மதம் சொல்ல 'நோ' என்றுதான் தொடங்க வேண்டும். 'நோ, பாரா நாதா', 'நோ, கே வா' என்று கொஞ்சம் நீட்டினால் இனிமை கூடும்.

'மே தா இகுவால்' இரண்டு பொருளைத் தராசில் வைக்கிறது. இரண்டு தட்டும் சமமாக நிற்கின்றன. 'நோ மே இம்போர்த்தா' ஒரே பொருளை எடைபோட்டு, கனமில்லை என்கிறது. காபியா டீயா என்பதற்கு முதலாவது பொருந்தும். கொஞ்சம் தாமதமாக வந்தால் பரவாயில்லையா என்பதற்கு இரண்டாவது. இங்கிலீஷின் 'டோன்ட் கேர்' இரண்டையும் போட்டுக் குழப்பும். தமிழில் 'ஒன்றுதான்' வேறு, 'பொருட்டில்லை' வேறு என்பது நமக்குப் பழகியதுதான். எழுத்து நடையில் 'மே எஸ் இந்திஃபெரெந்தே', எனக்கு வேறுபாடில்லை, என்றும் உண்டு. அலுவலகக் கடிதத்துக்கு அது சரி. இதிலும் 'மே'யை விட்டுவிட்டு 'ஸோய் இந்திஃபெரெந்தே' என்றால், எதிலும் அக்கறையில்லாத ஆள் நான் என்று உங்கள் குணத்துக்கே சான்றிதழ் கொடுத்ததாகும். இதன் எதிர்மறைதான் சுவாரசியம்: ஓர் ஆணோ பெண்ணோ எனக்கு 'இந்திஃபெரெந்தே இல்லை' என்று சொன்னால் அது கிட்டத்தட்ட காதல் வாக்குமூலம்.

மூன்றாவது வழிதான் மரியாதையான வழி. தெரிவைக் கேட்டவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவது. 'கோமோ கியேராஸ்', உன் விருப்பப்படி. 'லோ கே கியேராஸ்', நீ எதை விரும்பினாலும். 'குவாந்தோ கியேராஸ்', நீ எப்போது விரும்பினாலும். மூத்தவர்களிடம், புதியவர்களிடம் 'கோமோ உஸ்தேத் கியேரா'. 'து'வும் 'உஸ்தேத்'தும் நம் 'நீ', 'நீங்கள்' போல என்பதால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இந்தக் 'கியேராஸ்'தான் மாணவர்களை அழவைக்கும் அந்த வினைவடிவம், சுப்ஹுந்திவோ. நிஜமாக நடந்ததையும் நடப்பதையும் சொல்ல ஒரு வடிவம். இன்னும் முடிவாகாததையும் ஆசைப்படுவதையும் சொல்ல இன்னொரு வடிவம். 'லோ கே கியேரெஸ்' என்றால் நீ ஏற்கெனவே விரும்புகிற அந்தக் குறிப்பிட்ட பொருள். 'லோ கே கியேராஸ்' என்றால் அது எதுவாக இருந்தாலும். இங்கிலீஷ் வழியாக இதைப் புரிந்துகொள்ள அரை நாள் ஆகும். தமிழ் வழியாக வந்தால், 'ஆலும்' என்ற விகுதி இதைத்தான் செய்கிறது. 'நீ விரும்புவதைச் செய்', 'நீ எதை விரும்பினாலும் செய்' என்ற இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அது.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் ஒற்றுமை வியப்பூட்டும். 'பாஸே லோ கே பாஸே' என்றால் என்ன நடந்தாலும். 'வேங்கா கியென் வேங்கா' என்றால் யார் வந்தாலும். 'திகான் லோ கே திகான்' என்றால் யார் என்ன சொன்னாலும். 'மே தா இகுவால் கே வேங்கா ஓ நோ வேங்கா' என்பதைத் தமிழில் மாற்றினால் 'அவன் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்'. வினையை இரண்டு முறை சொல்வதுவரை அப்படியே வந்து உட்காருகிறது. ஆனால் நடுவில் 'ஸி' என்ற ஐயச்சொல் வந்துவிட்டால், அதாவது வருகிறானா இல்லையா என்று கேட்கும் தொனியில் சொன்னால், சாதாரண வடிவமே போதும்.

எல்லாவற்றுக்கும் மேல் 'குவால்கியேரா' என்று ஒரு சொல். எதுவானாலும், எதுவாவது ஒன்று. பிரித்தால் 'குவால்', எது, 'கியேரா', விரும்பினாலும். நம் 'எதுவேணாலும்' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: எது, வேண்டும், ஆனாலும். கேள்விச்சொல்லோடு விருப்பத்தைக் கட்டி 'எதுவாயினும்' என்ற பொருளை இரண்டு மொழிகளும் தனித்தனியாகச் செய்திருக்கின்றன. லத்தீனும் 'எது' என்ற சொல்லோடு 'நீ விரும்புகிறாய்' என்பதை ஒட்டி இதே வேலையைச் செய்தது. 'குவால்கியேரா'வின் பன்மை இன்னும் வேடிக்கை. வால் மாறாது, வயிறு மாறும்: 'குவாலெஸ்கியேரா'. ஒட்டுப்போட்ட இடம் இன்னும் தெரிகிறது. பெயருக்கு முன்னால் வந்தால் 'குவால்கியேர்' என்று குறையும். பின்னால் வந்தால் பொருளே சாதாரணமாகிவிடும்: 'உன் தியா குவால்கியேரா' என்றால் விசேஷம் எதுவுமில்லாத ஒரு நாள். மனிதர்மேல் ஏவும்போது கவனம் வேண்டும். ஓர் ஆணை 'உன் குவால்கியேரா' என்றால் அவன் ஓர் ஆளே இல்லை என்ற அளவில் நிற்கும். பெண்ணை 'உனா குவால்கியேரா' என்றால் அவள் ஒழுக்கத்தைப் பழிப்பதாகிவிடும். ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்பதில் அந்த மொழியும் நம் மொழிகளுக்குச் சளைத்ததில்லை.

தொனி என்று ஒன்று இருக்கிறதே, அதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். விருந்தாளி 'மே தா இகுவால்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கொஞ்சம் வெட்டிப் பேசியதுபோல ஆகும். 'எதையோ கொடு' என்ற சாயல் வந்துவிடும். பின்னால் ஒரு வால் சேர்த்தால் அதே வாக்கியம் குழைந்துவிடும். 'மே தா இகுவால், லோ கே தேங்காஸ்', எதுவானாலும் சரி, உங்களிடம் எது இருக்கிறதோ அது. அல்லது, இரண்டும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு 'லோ கே தே வேங்கா மெஹோர்', உனக்கு எது வசதியோ அது. 'மெஹோர்' என்ற அந்தக் கடைசிச் சொல் கேட்டவருடைய வசதியை நடுவில் கொண்டுவந்து வைக்கிறது. உணவகத்தில் பரிமாறுபவரிடம் இதெல்லாம் வேண்டாம். அவருக்குப் பதில்தான் தேவை. நீங்களே ஒன்றைப் பரிந்துரையுங்கள் என்று சொல்லிவிடலாம்.

'கோமோ கியேராஸ்' என்ற தேனிலும் ஒரு முள் உண்டு. தமிழ் வீடுகளில் 'உங்க இஷ்டம்' என்ற சொல் எத்தனை விதமாக ஒலிக்கும் என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே சொன்னால் சம்மதம். பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்துவிட்டுச் சொன்னால் அது சம்மதமே இல்லை. ஸ்பானிஷிலும் அச்சு அசல் இதேதான். அங்கிருந்து ஓர் எட்டு கீழே இறங்கினால் 'து மிஸ்மோ', நீயே முடிவு பண்ணிக்கோ. பெண்ணிடம் சொன்னால் 'து மிஸ்மா'. இன்னும் இறங்கினால் 'து வெராஸ்', நீயே பார்த்துக்கோ. அதற்கும் கீழே 'அயா து', உன் பாடு. கடைசிப் படியில் 'கோன் ஸு பான் ஸே லோ கோமா' நிற்கிறது. தன் ரொட்டியோடு சேர்த்து அவனே தின்னட்டும், அதாவது அவன் செய்தது அவன் பாடு, எனக்கென்ன வந்தது. கையில் கொடுத்த தெரிவு இப்படிப் படிப்படியாக முகத்தில் விட்டெறிந்ததாக மாறிவிடுகிறது.

விட்டெறிவது என்று முடிவு செய்துவிட்டால் ஸ்பானிஷ்காரர்கள் நேராகக் காய்கறிச் சந்தைக்குப் போய்விடுவார்கள். 'மே இம்போர்த்தா உன் கொமினோ', எனக்கு ஒரு சீரகமணி அளவு பொருட்டு. 'உன் ராபனோ' முள்ளங்கி. 'உன் பெப்பினோ' வெள்ளரிக்காய். 'உன் பிமியெந்தோ' குடைமிளகாய். எல்லாவற்றிலும் புகழ்பெற்றது 'உன் பிளேதோ'. பிளேதோ என்பது நம் முளைக்கீரை, தண்டுக்கீரைக்கு உறவான ஒரு கீரை. அது என்னவென்று இன்றைய ஸ்பானிஷ் இளைஞர்களில் பலருக்குத் தெரியாது. தட்டிலிருந்து எப்போதோ போய்விட்டது, வசவில் மட்டும் தங்கிவிட்டது. கீரையைக் கண்டாலே வாங்கி வந்துவிடும் நம்மவர்களுக்கு இது கொஞ்சம் மனவருத்தமாகத்தான் இருக்கும்.

இலக்கணத்தில் ஒரு விந்தையும் உண்டு. 'நோ மே இம்போர்த்தா உன் பிளேதோ' என்றாலும், 'நோ' இல்லாமல் 'மே இம்போர்த்தா உன் பிளேதோ' என்றாலும் பொருள் ஒன்றே. முதலில் 'ஒரு கீரையளவுகூடப் பொருட்டில்லை' என்று எதிர்மறையோடுதான் இருந்தது. போகப்போகக் கீரையே இல்லையென்ற பொருளை உறிஞ்சிக்கொண்டது, 'நோ' உதிர்ந்துவிட்டது. பழமையிலும் குறைவில்லை. 1207 என்று ஆண்டு குறித்த மூலத்தின் படியாக நமக்குக் கிடைத்திருக்கும் பழைய ஸ்பானிஷ் வீரகாவியமான சீத் காவியத்தின் தொடக்கத்திலேயே ஒரு வீரன், விட்டுவிட்டு வரும் சொத்தை ஓர் அத்திப்பழத்துக்கும் மதிக்கவில்லை என்கிறான். அதற்கும் முன்னால் லத்தீன்காரர்கள் ஓர் உரோமத் திரியளவும் மதிக்கவில்லை என்றார்கள். கத்துல்லுஸ் என்ற கவிஞர் ஒரு மயிருக்கும் மதிக்காததைப் பற்றி எழுதியிருக்கிறார். வள்ளுவர் 'தலையின் இழிந்த மயிரனையர்' என்றதும், தெருவில் நாம் கேட்கும் கொச்சையும் நினைவுக்கு வந்தால் தப்பில்லை.

சாப்பாட்டுப் பொருள் இல்லாமலும் வழிகள் உண்டு. 'நி மே வா நி மே வியேனே', எனக்குப் போகவும் இல்லை வரவும் இல்லை. 'மே ரெஸ்பாலா', என்மேல் வழுக்கிப்போகிறது, தாமரையிலைத் தண்ணீர்தான். 'நி ஃபு நி ஃபா' என்பதற்கு அர்த்தமே கிடையாது, ஆனால் சுமாரான படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அதுதான் சொல்ல வரும். 'ஆ மி, பிளின்' என்ற சொல்லை ஸ்பெயினில் எல்லாரும் அறிந்திருப்பதற்கு ஒரு மெத்தை விளம்பரம் பெரிய காரணம். 'ஆ மி பிளின், யோ துவெர்மோ என் பிகொலின்', எனக்கென்ன, நான் தூங்குவது பிகொலின் மெத்தையில். கெட்ட வார்த்தை சேர்த்துச் சொல்லும் வகைகள் ஏராளம். அவற்றை நண்பர்களிடமிருந்து தானாகவே கற்றுக்கொள்வீர்கள்.

கடல் தாண்டினால் சொற்கள் வேறு முகம் காட்டும். ஸ்பெயினில் எட்டு மணிக்கு வசதிப்படுமா என்று கேட்டால் 'மே வாலே' என்று சொல்லலாம், எனக்குச் சரிப்படும் என்று பொருள். மெக்சிகோவில் அதே 'மே வாலே' ஒரு கெட்ட வார்த்தைத் தொடரின் தலைப்பகுதி. மிச்சத்தைச் சொல்லாமல் விட்டாலும் கேட்பவர் காதில் விழுந்துவிடும்: எனக்கு ஒரு மயிரும் கவலையில்லை. விடுபட்ட அந்தச் சொல் 'மாத்ரே', அம்மா. அம்மாவை வைத்து ஒன்றுக்கும் உதவாததைச் சொல்கிறவர்களே, ஒன்று மிகப் பிரமாதமாக இருந்தால் அதையும் அம்மாவை வைத்துத்தான் சொல்கிறார்கள். எதைப் பற்றியும் கவலைப்படாத மனப்பான்மைக்கு 'வாலெமாத்ரிஸ்மோ' என்று ஒரு பெயர்ச்சொல்லையே உருவாக்கியிருக்கிறார்கள். மெக்சிகோ இளைஞர்கள் 'எக்கிஸ்' என்றும் சொல்வார்கள். எக்ஸ் என்ற எழுத்தின் பெயர் அது. இருந்தால் என்ன, போனால் என்ன என்ற தொனி.

'இகுவால்' இன்னும் ஏமாற்றுக்காரச் சொல். மாட்ரிட் நண்பர் 'இகுவால் வோய்' என்றால் ஒருவேளை வருவேன் என்கிறார். புவெனோஸ் அய்ரெஸ் நண்பர் அதையே சொன்னால், எப்படியானாலும் வருவேன் என்கிறார். ஒருவருக்கு நாற்காலி போட்டுக் காத்திருக்கலாம். இன்னொருவருக்கு வேண்டாம்.

ஸ்பெயினுக்கே உரியது 'பாஸோ'. சீட்டாட்டத்தில் என் முறை வேண்டாம் என்று சொல்கிற 'பாஸ்'தான். 'பாஸோ தே' என்று சொல்லி எதை வேண்டுமானாலும் பின்னால் சேர்க்கலாம். அரசியலைச் சேர்த்தால் அரசியல் எனக்கு வேண்டாம். உன்னைச் சேர்த்தால் நீயே வேண்டாம். ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ 1975 நவம்பரில் இறந்தார், 1977இல் தேர்தல் வந்தது, 1978இல் அரசமைப்புச் சட்டம் வந்தது. சர்வாதிகாரம் போனால் எல்லாம் மாறிவிடும் என்று நம்பியவர்களில் ஒரு பகுதிக்கு ஏமாற்றம் தட்டியது. அந்த ஆண்டுகளில் எதிலும் ஒட்டாமல் திரிந்த இளைஞனுக்கு 'பாஸோத்தா' என்று பெயர் வந்தது; அந்த மனநிலை 'பாஸோத்திஸ்மோ'. இரண்டும் பின்னர் ஸ்பானிய அகராதியில் ஏறிவிட்டன.

இதே மொழியில்தான் விருப்பமின்மையைத் தவமாகச் சொன்ன ஒருவரும் எழுதினார். பாஸ்க் நாட்டில் பிறந்த லயோலா இஞ்ஞாசியார். 1548இல் போப்பின் ஒப்புதலோடு அச்சான அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூல், படைக்கப்பட்ட பொருள்கள் எல்லாவற்றின் முன்னும் நம்மை நாமே 'இந்திஃபெரெந்தெஸ்' ஆக்கிக்கொள்ள வேண்டும் என்கிறது. நோயைவிட நலத்தையோ, வறுமையைவிடச் செல்வத்தையோ, குறுகிய ஆயுளைவிட நீண்ட ஆயுளையோ நம் பங்குக்கு நாடாத நிலை. 'ஆக்கிக்கொள்ள' என்ற வினையைக் கவனிக்க வேண்டும். பாஸோத்தாவுக்குச் சும்மா வருவது இங்கே உழைத்து வர வேண்டியது. இஞ்ஞாசியாரின் தோழர் சவேரியார் 1542 முதல் முத்துக்குளித்துறைக் கரையில் நடந்தார். பின்னால் வந்த வீரமாமுனிவரும் அதே இயேசு சபைக்காரர். இந்தப் பயிற்சியைச் செய்துவிட்டுத் தமிழ் படிக்க உட்கார்ந்தவர் 'வேண்டுதல் வேண்டாமை இலான்' என்ற குறள் வரியைக் கடந்தபோது கொஞ்சம் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தவர் ஆயிற்றே.

இன்று 'நோஸ் தா லோ மிஸ்மோ' என்ற தொடர் மிகக் கூர்ந்து எண்ணப்படும் இடம் ஒரு கருத்துக்கணிப்பு. சிலி நாட்டின் சாந்தியாகோவில் இயங்கும் லத்தீனோபரோமெத்ரோ 1995 முதல் லத்தீன் அமெரிக்க நாடுகளில் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறது. விடைகள் மூன்று. ஒன்று, மக்களாட்சியே எதையும்விட மேல். இரண்டு, சில சூழ்நிலைகளில் சர்வாதிகாரம் மேலாக இருக்கலாம். மூன்றாவது, 'எங்களைப் போன்ற ஆட்களுக்கு மக்களாட்சி என்றாலும் மக்களாட்சி அல்லாதது என்றாலும் ஒன்றுதான்'. இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவதைச் சொன்னவர்கள் 2010இல் 16 விழுக்காடு, 2018இல் 28 விழுக்காடு.

அந்த மூன்றாவது வரியை எழுதியவர் காது உள்ளவர். 'ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன' என்று சொல்கிற ஆளின் குரல் அதில் கேட்கிறது. 'ஆ லா ஹெந்தே கோமோ ஊனோ', நம்மைப் போன்ற சனங்களுக்கு என்று மூன்றாம் ஆளாகத் தொடங்குகிறது. அடுத்த சொல்லிலேயே 'நோஸ்', நமக்கு என்று பேசுகிறவர் தானே உள்ளே வந்துவிடுகிறார். அப்புறம் முக்கியமாக, 'நோ நோஸ் இம்போர்த்தா' என்று அங்கே எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் ஆட்சி எனக்குப் பொருட்டே இல்லை என்று சொல்பவர்கள் மட்டும்தான் அதில் விழுந்திருப்பார்கள். 'லோ மிஸ்மோ' என்பதால், இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்து, இரண்டிலும் தன் வீட்டு அடுப்பு ஒரே மாதிரிதான் எரிந்தது என்று கண்டவரும் அதில்தான் டிக் அடிக்கிறார்.